மாறும் விரலுக்கு மாறாத மோதிரம்

நகைகளில் மோதிரத்துக்கு மட்டும் ஒரு தனிச் சிரமம் உண்டு. சங்கிலிக்குக் கொக்கி இருக்கிறது; நீளம் ஓர் அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் குடி முழுகிப்போகாது. தோட்டைத் திருகாணி பிடித்துக்கொள்கிறது. வளையல் கையின் அகலத்தைத் தாண்டி உள்ளே போய்விட்டால் போதும், அதன் பிறகு மணிக்கட்டில் தாராளமாக ஆடலாம். மோதிரத்துக்குக் கொக்கியும் இல்லை, திருகாணியும் இல்லை, ஆடுவதற்கு இடமும் இல்லை. விரலின் நடுக்கணுவைத் தாண்டி உள்ளே போக வேண்டும், அடிவிரலில் நிற்க வேண்டும், கை கழுவும்போது வழுக்கக் கூடாது, கழற்ற நினைத்தால் வந்துவிடவும் வேண்டும். இத்தனையையும் அது தன் சுற்றளவு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு செய்தாக வேண்டும். ஆனால் மோதிரம் வாங்கும்போது கல், வேலைப்பாடு, எடை, செய்கூலி, சேதாரம் என்று எல்லாவற்றையும் நிதானமாகப் பேசிவிட்டு, அளவை மட்டும் அரை நிமிடத்தில் முடித்துவிடுவதே நம் வழக்கமாக இருக்கிறது.

விரலுக்கு ஓர் அளவு உண்டு, அதைக் கண்டுபிடித்துவிட்டால் மோதிரம் பொருந்திவிடும் என்று பொதுவாக நம்புகிறோம். பிழை இங்கேதான் தொடங்குகிறது. உலோகம் ஒரே அளவில் நிற்கும், விரல் நிற்காது. காலைக்கும் மாலைக்கும், வெயிலுக்கும் குளிருக்கும், உடம்பு லேசாக இருக்கும் நாளுக்கும் நீர் கோத்த நாளுக்கும் இடையே விரலின் சுற்றளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஆகவே ஒருவரின் விரலுக்கு உரியது ஒரு வீச்சு; ஒற்றை எண்ணில் அது அடங்காது. விரல் மிகவும் இளைத்திருக்கும் நேரத்தில் நழுவாமலும், மிகவும் பருத்திருக்கும் நேரத்தில் நம் கையாலேயே கழற்ற வருவதாகவும் உள்ள மோதிரமே சரியான மோதிரம். இரண்டும் ஒருசேரக் கிடைக்காத விரலாக இருந்தால், கழற்ற வருவதற்கே முதலிடம் தர வேண்டும். ஏன் அப்படி என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

எண் எவ்வளவு சொல்லும்?

மோதிர அளவைக் குறிக்க உலகம் முழுவதற்கும் பொதுவான பழக்கம் கிடையாது. ஐஎஸ்ஓ 8653 என்ற சர்வதேசத் தரத்தின்படி, மோதிரத்தின் உள்சுற்றளவு எத்தனை மில்லிமீட்டரோ அதுவே அதன் எண். சுற்றளவு 54 மி.மீ. என்றால் அளவும் 54. நம் நாட்டு நகைக்கடைகளின் அட்டவணைகள் பெரும்பாலும் அந்தச் சுற்றளவிலிருந்து 40-ஐக் கழித்தால் வரும் எண்ணுக்கு மிக அருகில் இருக்கின்றன. அதே மோதிரம் இங்கே 14. அமெரிக்காவில் விட்டத்தை வைத்து எண்ணுகிறார்கள். எண் ஒன்று கூடினால் விட்டம் 0.81 மி.மீ. கூடும், அதாவது சுற்றளவு ஏறத்தாழ இரண்டரை மி.மீ. கூடும். பிரிட்டனில் எண்ணே இல்லை, ஏ, பி, சி என்று எழுத்துகள்தான். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே சுற்றளவில் 1.25 மி.மீ. வித்தியாசம். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை தன் அளவு 7 என்று தொலைபேசியில் சொல்ல, இங்கே பெற்றோர் அதை அப்படியே கடையில் சொன்னால் என்ன ஆகும்? அமெரிக்க 7 என்பது 17.3 மி.மீ. விட்டம், இந்திய அட்டவணையில் 14. இந்திய 7 என்பதோ சுமார் 47 மி.மீ. சுற்றளவுள்ள சின்ன மோதிரம். அவருடைய விரலின் நடுக்கணுவைக்கூட அது தாண்டாது. எனவே எண்ணைக் கேட்கும்போதும் சொல்லும்போதும் கூடவே உள்சுற்றளவையோ உள்விட்டத்தையோ மில்லிமீட்டரில் கேட்பதும் சொல்வதும் பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

மீதிக் குழப்பம் அளவெடுக்கும் முறையில் இருக்கிறது. விரலில் ஒரு நூலைச் சுற்றி, முனைகள் சந்திக்கும் இடத்தில் குறி வைத்து, நீட்டி ஸ்கேலில் அளந்துகொள்வது எல்லோருக்கும் தெரிந்த வழி. எளிய கணக்கொன்று போட்டுப் பார்த்தால் அதன் பலவீனம் தெரியும். இந்திய அட்டவணையில் ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் உள்ள வித்தியாசம் சுற்றளவில் சுமார் 1 மி.மீ. மட்டுமே. பேனாக் குறி சற்றுத் தள்ளி விழுந்தாலே ஓர் அளவு மாறிவிடும். நூலின் தடிமனும் கணக்கில் சேரும்: 1 மி.மீ. தடிமனுள்ள நூலைச் சுற்றினால், அதன் நடுக்கோடு விரலின் தோலிலிருந்து அரை மி.மீ. தள்ளி நிற்கிறது, நீட்டி அளக்கும்போது சுற்றளவு 3 மி.மீ.-க்கு மேல் கூடுதலாகக் காட்டும். மூன்று அளவு பெரிய மோதிரம் வாங்க இந்த ஒரு பிழை போதும். மறுபுறம், நூலை இழுத்துச் சுற்றினால் சதைக்குள் புதைந்து அளவைக் குறைத்துக் காட்டும். இரண்டு பிழைகளும் எதிரெதிர்த் திசையில் இருந்தாலும், சரியாக ஒன்றையொன்று ஈடுகட்டும் என்று நம்ப இடமில்லை. மெல்லிய காகிதப் பட்டை நூலைவிட எவ்வளவோ மேல், 0.1 மி.மீ. தடிமனுள்ள காகிதம் சுற்றளவில் 0.3 மி.மீ. மட்டுமே கூட்டும். அதைவிட மேல், அதே விரலில் ஏற்கெனவே வசதியாக இருக்கும் மோதிரத்தின் உள்விட்டத்தை வெர்னியர் காலிப்பரால் அளப்பது. எல்லாவற்றிலும் மேல், கடையில் கொத்தாகக் கோத்து வைத்திருக்கும் அளவு வளையங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது. நூலும் காகிதமும் எந்த எண்ணிலிருந்து தொடங்கலாம் என்று மட்டுமே சொல்லும். முடிவு சொல்ல வேண்டியது விரலில் ஏறிய வளையம்.

விரலில் நடக்கும் மாற்றம்

வெயில் காலத்தில் மோதிரம் இறுகுவதை எல்லோரும் உணர்ந்திருப்போம். உலோகம் சூட்டில் மாறுவதால்தான் இப்படி என்று சிலர் நினைப்பதுண்டு. தங்கம் சூட்டில் விரிவது உண்மை. ஆனால் வளையம் விரிந்தால் அதன் உள்சுற்றளவும் கூடவே பெரிதாகும், மோதிரம் தளரத்தான் வேண்டும். அந்த விரிவும் மிகச் சிறியது. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் தங்கத்தின் நீளம் பத்து லட்சத்தில் 14 பங்கு கூடும், 54 மி.மீ. சுற்றளவுள்ள மோதிரம் 20 டிகிரி சூடேறினால் 0.015 மி.மீ. மட்டுமே பெரிதாகும். அதை விரல் உணராது. இறுக்கத்துக்குக் காரணம் முழுக்க முழுக்க விரல்தான். உடம்பின் சூட்டை வெளியேற்றும் வேலையில் கைவிரல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வெப்பம் கூடும்போது அங்குள்ள ரத்தக் குழாய்கள் விரிந்து கூடுதல் ரத்தம் பாய்கிறது. குளிரில் அவை சுருங்கி, விரலும் இளைக்கிறது. கையைத் தொங்கவிட்டபடி வெகுநேரம் நடந்தாலும், உப்பு மிகுந்த உணவைச் சாப்பிட்டாலும், மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும், தூங்கி எழுந்த உடனும் பலருக்கு விரல்கள் சற்றுப் பருத்திருக்கும். கர்ப்ப காலத்தில், குறிப்பாகக் கடைசி மாதங்களில், உடம்பில் நீர் தங்குவதால் இந்த மாற்றம் இன்னும் அதிகம்.

இந்த மாற்றம் நம் ஊரில் மோதிரம் வாங்கும் முறையோடு சேரும்போது ஒரு நடைமுறைச் சிக்கல் வருகிறது. மே மாத வெயிலில் தியாகராய நகர் வீதிகளில் இரண்டு கையிலும் பைகளைத் தூக்கிக்கொண்டு நடந்து, கடைக்குள் நுழைந்ததும் அளவு கொடுத்தால், அது விரலின் உச்ச அளவு. அதே கடையின் குளிர்சாதன வசதியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து நகை பார்த்துவிட்டு அளவு கொடுத்தால், அது தாழ்ந்த அளவு. ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே விரலுக்கு இரண்டு விடைகள் கிடைக்கின்றன. இரண்டும் அந்தந்த நேரத்துக்கு உண்மையானவை. சென்னையில் அளந்து வாங்கிய மோதிரம் உதகமண்டலத்தில் தளர்வதும், டொரன்டோவிலோ லண்டனிலோ பனிக்காலத்தில் கையுறையைக் கழற்றும்போது கூடவே மோதிரமும் வந்துவிடுவதும் இதனால்தான். எனவே வெளிநாட்டில் வாழப்போகிறவருக்கு வாங்கும்போது அந்த ஊரின் குளிரையும் கணக்கில் வைத்துச் சற்றுப் பிடிப்பாகவே தேர்ந்தெடுக்கலாம். வெயிலில் வேலை செய்கிறவருக்கு வாங்கும்போது பருக்கும் விரலுக்கு இடம் விட வேண்டும்.

நேரத்தால் வரும் மாற்றம் ஒருபுறம் இருக்க, ஒரே நேரத்தில்கூட விரலுக்கு இரண்டு சுற்றளவுகள் உண்டு. மோதிரம் உட்காரும் அடிவிரல் ஒன்று. அங்கே போகும் வழியில் இருக்கும் நடுக்கணு இன்னொன்று. சிலருக்கு அடிவிரல் சதைப்பற்றோடும் கணு மெலிந்தும் இருக்கும். அவர்கள் அடிவிரலை மட்டும் பார்த்தால் போதும், ஆனால் நழுவாமல் தடுக்க அவர்களுக்குக் கணு உதவாது. பலருக்குக் கணுவே பெரியது. அவர்களுக்கு அடிவிரலின் அளவில் செய்த மோதிரம் ஏறவே ஏறாது. கணுவின் அளவில் செய்த மோதிரம் அடியில் சுழலும். கணுவைத் தாண்டும்போது லேசான எதிர்ப்பைக் காட்டி, அடியில் சிறிது சுழன்றாலும் வெளியே வராத அளவையே இவர்கள் தேட வேண்டும். வயதாக ஆக இந்த இடைவெளி கூடுவதுண்டு. மூட்டுத் தேய்மானத்தால் விரலின் நடுக்கணுவில் எலும்பு முடிச்சு போலப் புடைப்பதைப் பிரெஞ்சு மருத்துவர் புஷாரின் பெயரால் மருத்துவம் குறிப்பிடுகிறது. கல்யாணத்தில் போட்ட மோதிரம் அறுபது வயதில் கணுவைத் தாண்டாமல் போவதற்கு உடல் எடை மட்டுமே காரணம் இல்லை என்பதை இது காட்டுகிறது. கணு மிகப் பெரியதாக உள்ளவர்களுக்குப் பொற்கொல்லர்கள் தரும் தீர்வுகள் உண்டு: மோதிரத்தின் உள்பக்க அடியில் இரண்டு சின்ன உருண்டைகளைப் பற்றவைத்தால், கணுவைத் தாண்டிய மோதிரம் அடியில் சுழலாமல் நிற்கும். கீல் வைத்துத் திறந்து மூடும் மோதிரமும் செய்யலாம்.

மோதிரத்தின் வடிவமும் இந்தக் கணக்கில் தலையிடுகிறது. 2 மி.மீ. அகலமுள்ள மெல்லிய வளையத்தில் சரியாக இருந்த எண், 8 மி.மீ. பட்டையில் பிடிக்கும். அகலம் கூடக் கூடத் தோலில் படும் பரப்பு கூடுகிறது, விரலின் சதை ஒதுங்கிக்கொள்ள இடம் குறைகிறது, மடக்கும்போது பட்டையின் விளிம்பு மடிப்பில் இடிக்கிறது. ஆகவே அகலப் பட்டைக்கு ஓர் அளவு கூட்டித்தான் பெரும்பாலும் வாங்க வேண்டியிருக்கும். அலை அலையாகப் போகும் நெளி மோதிரமும், விரலில் கூர்முனையாக இறங்கும் வங்கி மோதிரமும் பார்வைக்கு மெல்லியவை; ஆனால் விரலின் நீளத்தில் அவை அடைக்கும் இடம் அதிகம் என்பதால் சாதாரண வளையத்தின் எண்ணை அப்படியே அவற்றுக்குச் சொல்லக் கூடாது. உள்பக்கம் தட்டையாக இல்லாமல் லேசாகப் புடைத்து வழவழப்பாக இருக்கும் மோதிரங்கள் ஏறவும் இறங்கவும் எளிது, தோலில் படும் பரப்பும் குறைவு. நாள் முழுக்க அணிகிறவர்களுக்கு இந்த வடிவத்தைத் தயங்காமல் சொல்லலாம். மேலே பெரிய கல் பதித்த மோதிரத்துக்கு வேறு சிக்கல்: எடை முழுவதும் மேலே இருப்பதால், சற்றுத் தளர்ந்தாலும் கல் உள்ளங்கைப் பக்கம் சாய்ந்துவிடும். அங்கே அடிப்பட்டையை அகலமாகச் செய்வது, அளவைக் குறைத்து இறுக்குவதைவிட நல்ல வழி. கடையில் அளவு பார்க்கும் வளையம் மெல்லியதாகவும் வாங்கப்போகும் மோதிரம் அகலமாகவும் இருந்தால், அதே அகலத்தில் இன்னொரு மோதிரத்தைப் போட்டுப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

இத்தனையையும் வைத்துக்கொண்டு அளவைத் தீர்மானிப்பது சிரமமான காரியம் இல்லை. எந்தக் கையின் எந்த விரலில் அணியப்போகிறோமோ அதையே அளக்க வேண்டும். வேலை செய்து பழகிய கையின் விரல்கள் பெரும்பாலும் மற்றக் கையின் விரல்களைவிடச் சற்றுப் பருத்திருக்கும். கடைக்குப் போனதும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, உடம்பு இயல்பு நிலைக்கு வந்த பிறகு ஒருமுறையும், கிளம்பும் முன் இன்னொரு முறையும் வளையங்களைப் போட்டுப் பார்க்கலாம். முடிந்தால் வேறொரு நாள், வேறொரு வேளையில் மீண்டும் பார்க்கலாம். வரும் எண்களில் மிகச் சிறியதும் மிகப் பெரியதும்தான் உங்கள் வீச்சு. காய்ச்சல், கர்ப்பம், கையில் அடி, கடும் நடை ஆகியவற்றுக்குப் பின்னான நாட்களைத் தவிர்த்துவிடலாம். போட்ட வளையம் கணுவில் லேசாகத் தயங்கி உள்ளே போக வேண்டும். கழற்றும்போது அதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தயங்கி, மெல்லத் திருகினால் வந்துவிட வேண்டும். முஷ்டி மடக்கினால் வலிக்கக் கூடாது. இருபுறமும் சதை பிதுங்கக் கூடாது. கையைத் தொங்கவிட்டு உதறினால் நழுவக் கூடாது; நனைந்த கையோடும் ஒருமுறை உதறிப் பார்ப்பது நல்லது. இந்தச் சோதனைகள் அத்தனையிலும் தேறும் எண்கள் இரண்டு இருந்தால், பெரியதை எடுத்துக்கொள்ளலாம்.

இறுக்கமாக இருந்தால் பத்திரமா?

பெரியதை எடுக்கச் சொல்வதற்கு உடனே ஒரு மறுப்பு எழும்: தங்கம் விற்கும் விலையில் தளர்வாகப் போட்டுத் தொலைப்பதைவிட இறுக்கமாகப் போட்டுப் பத்திரமாக வைத்துக்கொள்வதுதானே அறிவு? இந்தப் பயம் புதியதல்ல. காளிதாசரின் சாகுந்தலத்தில் துஷ்யந்தன் கொடுத்த மோதிரம் சகுந்தலையின் விரலிலிருந்து தீர்த்தத்தில் நழுவி மீனின் வயிற்றுக்குப் போவதால்தான் அவள் அத்தனை துன்பப்படுகிறாள். நழுவும் மோதிரம் நல்ல மோதிரம் இல்லை என்பதில் கருத்து வேறுபாடே கிடையாது. ஆனால் இறுக்கம் தரும் பாதுகாப்பு மோதிரத்துக்குத்தான், விரலுக்கு இல்லை. எப்போதும் இறுகிய மோதிரத்தின் அடியில் சோப்பும் ஈரமும் தங்கித் தோல் அரிக்கும், வெளுக்கும், நாளடைவில் பள்ளம் விழும். அடிபட்டோ, பூச்சி கடித்தோ, நீர் கோத்தோ விரல் வீங்கினால் நிலைமை விரைவாக மோசமாகும். மோதிரத்தின் அழுத்தம் முதலில் நசுக்குவது மெல்லிய சிரைகளை. ஆழத்தில் உள்ள தமனிகள் தொடர்ந்து ரத்தத்தை உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கும். உள்ளே வரும் ரத்தம் வெளியே போக வழியில்லாமல் வீக்கம் கூடும், வீக்கம் கூடக் கூட மோதிரம் இன்னும் இறுகும். கவனிக்காமல் விட்டால் விரல் நுனிக்கு ரத்த ஓட்டமே நின்றுவிடும் அபாயம் உண்டு. தொலைந்த மோதிரத்தை உழைத்து மீண்டும் வாங்கலாம். விரலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கழற்ற வருவதற்கு முதலிடம் என்று சொன்னது இதனால்தான்.

இதே காரணத்தால், கையில் அடிபட்டதும் முதலில் செய்ய வேண்டியது மோதிரத்தைக் கழற்றுவது. வீக்கம் வருவதற்குக் காத்திருக்கக் கூடாது. அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவமனைகளில் மோதிரத்தைக் கழற்றச் சொல்வதிலும், கர்ப்பிணிகள் விரல் பருக்கத் தொடங்கும்போதே மோதிரங்களை எடுத்து வைத்துவிடுவதிலும் உள்ள நியாயம் இதுவே. கர்ப்ப காலத்தில் முகமும் கைகளும் திடீரென்று வீங்கினால் அதை மோதிரப் பிரச்சினையாக மட்டும் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அது உயர் ரத்த அழுத்தத்தின் அறிகுறியாக இருக்கலாம். மோதிரம் மாட்டிக்கொண்டால் கையைச் சற்று நேரம் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து, குளிர்ந்த நீரில் நனைத்து, எண்ணெயோ சோப்போ தடவி, திருகியபடி மெல்லக் கழற்றலாம். அதற்கும் வராவிட்டால் மெல்லிய நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, மறுமுனையை மோதிரத்தை ஒட்டினாற்போலத் தொடங்கிக் கணுவைத் தாண்டும் வரை இடைவெளியில்லாமல் நெருக்கிச் சுற்ற வேண்டும். பிறகு அடியில் நுழைத்த முனையைப் பிடித்து விரல் நுனிப் பக்கமாகப் பிரித்துக்கொண்டே வந்தால், சுற்று ஒவ்வொன்றாக அவிழும்போது மோதிரமும் முன்னேறும். விரல் நீலமாகவோ வெளுத்தோ மரத்தோ போயிருந்தால் இந்த முயற்சிகளில் நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தங்கமும் வெள்ளியும் எளிதாக வெட்டுப்படும். வெட்டிய மோதிரத்தைப் பட்டறையில் மீண்டும் ஒட்டிவிடலாம். டங்ஸ்டன் கார்பைடு மோதிரங்களை வெட்ட முடியாது, அழுத்தி நொறுக்கித்தான் எடுப்பார்கள்.

சரியான அளவாலும் தடுக்க முடியாத ஆபத்து ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். ஓடும் இயந்திரத்திலோ, தாண்டும் கம்பி வேலியிலோ, லாரியிலிருந்து குதிக்கும்போது அதன் கொக்கியிலோ மோதிரம் மாட்டிக்கொண்டால், உடலின் எடை முழுவதும் அந்த ஒரு விரலில் இறங்கித் தோலையும் சதையையும் பிய்த்துவிடும். 2015-ல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜிம்மி ஃபாலன் வீட்டில் தடுக்கி விழுந்தபோது திருமண மோதிரம் மாட்டிக்கொண்டதில் விரல் மோசமாகக் காயப்பட்டு அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. இயந்திரத்தில் வேலை செய்கிறவர்கள், பளு தூக்குகிறவர்கள், மரமோ ஏணியோ ஏறுகிறவர்கள் வேலைக்கு முன் மோதிரத்தைக் கழற்றி வைப்பதுதான் ஒரே பாதுகாப்பு. தினமும் கழற்ற வேண்டுமென்றால் அது தினமும் எளிதாகக் கழற்ற வருவதாக இருக்க வேண்டும் அல்லவா? இறுக்கமான மோதிரம் போட்டவர்கள் இந்த எச்சரிக்கையைக் கேட்டாலும் கடைப்பிடிக்க முடியாமல் போகிறது.

பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்றால்?

இரண்டாவது மறுப்பு சற்று நியாயமானது. அளவு தவறினால் என்ன, பட்டறையில் கொடுத்தால் கூட்டியோ குறைத்தோ தருவார்களே? எளிய தங்க வளையமாக இருந்தால் இது சரி. 22 காரட் தங்கம் மென்மையானது. வெட்டி, ஒரு துண்டைச் சேர்த்தோ எடுத்தோ, பொடி வைத்து ஊதிப் பளபளப்பாக்கித் தந்துவிடுவார்கள். ஆனால் எல்லா மோதிரமும் இதற்கு இணங்காது. சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தில் வெட்ட இடமே இல்லை. நவரத்தின மோதிரத்தில் முத்தும் பவளமும் இருக்கின்றன. ஊதும் சூட்டை அவை தாங்காது, கல்லைக் கழற்றித்தான் வேலை செய்ய வேண்டும். நெளியிலும் வங்கியிலும் துண்டு சேர்த்தால் வடிவத்தின் ஒழுங்கு குலையலாம். டங்ஸ்டன் கார்பைடில் அளவு மாற்றமே கிடையாது. 2023 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்குக் கட்டாயமாக்கப்பட்ட ஆறு எழுத்து ஹால்மார்க் அடையாளக் குறியீடு மோதிரத்தின் உள்பக்கத்தில்தான் பொறிக்கப்படுகிறது. வெட்டும் இடம் அதன் மேல் விழுந்தால் அந்த அடையாளம் போய்விடும், ஆகவே அந்த இடத்தைத் தவிர்க்கச் சொல்வது நம் பொறுப்பு. எடையையும் கவனிக்க வேண்டும். 4 கிராம் எளிய வளையத்தில் ஓர் அளவு என்பது ஏறத்தாழ 70 மில்லிகிராம் தங்கம்; மூன்று அளவு குறைத்தால் 200 மில்லிகிராமுக்கு மேல் வெளியே வரும். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எடை போட்டு, வெட்டிய துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்வது வாடிக்கையாளரின் உரிமை. ஓரிரு அளவு மாற்றத்தைப் பட்டறை தாங்கும். முதல் நாளே சரியாக வாங்கினால் அந்தச் செலவும் ஒட்டும் தேவையில்லை.

மோதிரத்தின் அடியில் நூலைச் சுற்றிப் போட்டுக்கொள்வதும், முனை திறந்த மோதிரத்தை நெருக்கிப் போட்டுக்கொள்வதும் மற்ற இரண்டு குறுக்குவழிகள். ஒரு விசேஷ நாளைச் சமாளிக்க நூல் போதும். ஆனால் அது ஈரத்தையும் அழுக்கையும் பிடித்துவைத்துக்கொள்ளும், நைந்துபோனதும் எச்சரிக்கையில்லாமல் விட்டுவிடும். மாதக்கணக்கில் நம்பக் கூடாது. முனை திறந்த வடிவம் மெட்டிக்கு நன்றாகவே பொருந்துகிறது, காலம் காலமாக அப்படித்தான் அணிகிறோம். கைவிரல் நாள் முழுக்கத் துணியிலும் தலைமுடியிலும் பாத்திரத்திலும் புழங்குவது. அங்கே திறந்த முனைகள் மாட்டும், கீறும். திரும்பத் திரும்ப வளைக்கப்படும் உலோகம் இறுகி ஒரு நாள் ஒடியவும் செய்யும். விரல் அடிக்கடி பருத்து இளைக்கும் சிலருக்கு இந்த வடிவம் உதவலாம். எல்லோருக்கும் உரிய விடை அது ஆகாது.

கடைசியாக ஒரு மறுப்பு, நம் குடும்பங்களில் அதிகம் கேட்பது. மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் போடும் மோதிரமும், நிச்சயத்தில் மாற்றிக்கொள்ளும் மோதிரமும், பிறந்த குழந்தைக்குத் தாய்மாமன் போடும் மோதிரமும் அன்பின் அடையாளம். அதற்கெல்லாம் அளவெடுத்துக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும் என்பார்கள். அன்பின் அடையாளம் என்பதால்தான் அது அலமாரியில் கிடக்காமல் விரலில் இருக்க வேண்டும் என்கிறேன். பெரியவர்களுக்கென்றால் அளவு கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டியதில்லை. வேட்டிக்கும் சேலைக்கும் விருப்பம் கேட்கிற வீடுகள், கல்யாணச் சட்டைக்கு அளவு கேட்கிற வீடுகள், வாழ்நாள் முழுக்க விரலில் இருக்கப்போகும் நகைக்கும் கேட்கலாம். சொல்லாமல் கொடுத்து மகிழ்விக்க நினைப்பவர், அளவு மாற்ற எளிதான, கல் சுற்றிப் பதிக்காத வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, மாற்றித் தரும் விதிகளைக் கடையில் முன்னதாகவே கேட்டுக்கொள்ளலாம். குழந்தையின் விஷயம் வேறு. மோதிரம் இறுகினால் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது, கழன்றால் வாயில் போட்டுக்கொள்ளும். விசேஷம் முடிந்ததும் கழற்றி வைத்துவிடுவதே நல்லது.

எந்த அட்டவணையும், எந்தக் காகிதப் பட்டையும், எந்தக் கடைக்காரரும் ஒருவரின் விரலைப் பற்றி முழு உண்மையைச் சொல்லிவிட முடியாது. அந்த விரலோடு தினமும் புழங்குகிறவருக்குத்தான் அது தெரியும். எண்ணிலிருந்து தொடங்கலாம், ஆனால் வெயிலிலும் குளிரிலும் போட்டுப் பார்த்தும், மடக்கியும், உதறியும், முக்கியமாகக் கழற்றிப் பார்த்தும்தான் முடிவுக்கு வர வேண்டும். ஒருமுறை கண்டுபிடித்த அளவையும் நிரந்தரம் என்று எண்ணாமல், உடல் எடை மாறும்போதும், பிரசவத்துக்குப் பின்னும், மூட்டுகள் புடைக்கத் தொடங்கும் வயதிலும் மீண்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் வயதான அம்மாவோ அப்பாவோ பல ஆண்டுகளாகக் கழற்றாத மோதிரம் போட்டிருந்தால், அது இன்னும் கழற்ற வருகிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள். வரவில்லை என்றால், விரல் வீங்கி அவசரமாக வெட்டி எடுக்கும் நிலை வருவதற்கு முன்பே பட்டறையில் கொடுத்து அளவைக் கூட்டி, மறுபடியும் அவர்கள் கையில் போட்டுவிடலாம்.